பள்ளிக்கூடம் இல்லாமலிருக்கத் தேர்வான ஊர்

ஒற்றைப்பனைத்துறைக்கு முதன்முதலாக ஜீப் வந்தது 1953-ஆம் வருடம் தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. வந்த வேகத்தில் கடற்கரை மணலில் நாலு சக்கரமும் புதைந்து நின்றுவிட்டது. கரைமடி வலை இழுத்துக்கொண்டிருந்த ஆட்கள் மடியைக் கரையேற்றிய கையோடு ஓடி வந்து, மடிக்கயிற்றை ஜீப்பின் மூக்கில் கட்டி, ஏலேலோ போட்டு இழுத்துத் தென்னை மூட்டில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். உள்ளே இருந்த அதிகாரி இறங்கவில்லை. இழுத்து முடிகிறவரை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தபடியே, ‘மக்கள் ஒத்துழைப்பு: சிறப்பு’ என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

அவர் பெயர் சத்தியநேசன். திருவனந்தபுரத்தில் கல்விக் கொள்கைப் பயன் மதிப்பீட்டுத் தனிப்பிரிவு என்று ஒன்று இருந்தது; அதன் சிறப்பு அதிகாரி. கூட வந்தவர் கிளார்க் முத்துநாயகம். வந்ததும் வராததுமாக முத்துநாயகம் தென்னை மரத்தில் ஒரு அறிவிப்பை ஒட்டினார்.

‘எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மாத்திரம் நாளைக் காலை பத்து மணிக்குக் கோயில் முற்றத்தில் கூடவும். தெரிந்தவர்கள் வரக்கூடாது. உத்தரவு.’

மறுநாள் பத்து மணிக்குக் கோயில் முற்றத்தில் ஒரு ஆடு நின்றது. பதினொன்றுக்கு அதுவும் போய்விட்டது. தலையில் மீன் கடவத்தோடு சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த வியாகுலம்மாளை அதிகாரி கைதட்டி நிறுத்தினார்.

“இந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் யாருமே இல்லையா?”

“தெரிஞ்சவியதான் ஆருமே இல்ல, சாரே.”

“பிறகு ஏன் ஒருவரும் வரவில்லை? அறிவிப்பு ஒட்டியிருக்கிறோமே.”

“அது அறிவிப்பா? புது வண்டியில்லியா, கண்ணு படாம இருக்க ஒட்டுனியன்னுல்லா நெனச்சோம்.”

‘பொதுமக்கள் அறிவிப்புகளை மதிப்பதில்லை’ என்று முத்துநாயகம் எழுதிக்கொண்டார்.

வியாகுலம்மாளுக்கு ஜீப்பைக் கண்டதிலிருந்தே நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம்தான் வந்துவிட்டது என்று நினைத்தாள். ஊரிலிருந்து பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மூன்று மைல், நடுவில் ஆறு கடலில் சேருகிற பொழி. வெயில் காலத்தில் மணல்திட்டாகக் கிடக்கிற பொழிவாய், மழை கொட்டினால் உடைத்துக்கொண்டு ஆற்றையே கடலுக்குள் இழுக்கும். 1950 ஐப்பசியில், ஆறு வயசான அவள் மகள் செசிலி புத்தகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பொழி கடந்தபோது காலை வாரிவிட்டது. கடலுக்குள் இருந்த மடிக்காரர் ததேயுஸ் கட்டுமரத்தைத் திருப்பி, பிள்ளையை முடியைப் பிடித்துத் தூக்கினார். புத்தகம் போனது போனதுதான். அன்றோடு ஊரில் ஒருத்தரும் பிள்ளைகளைப் பொழி கடத்துவதில்லை என்று முடிவானது. அந்தக் கார்த்திகையில் வியாகுலம்மாள் இரணியல் கோர்ட்டு நடையில் மனு எழுதுகிறவரிடம் ஒரு கோர்வை சாளை மீனைக் கொடுத்து, முதல் மனுவை அனுப்பினாள். பிறகு ஒரு மாதம் தப்பினாலும் அடுத்த மாதம் மனு தப்பவில்லை. இருபத்து மூன்று மனு போன பிறகுதான் இந்த ஜீப் வந்தது. அவள் நெஞ்சு அடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

அன்று சாயங்காலம் ஆள் விட்டுக் கூப்பிட்டு ஊரைக் கூட்டினார்கள். சத்தியநேசன் மேசைமேல் கையூன்றிப் பேசினார்.

“அன்பான பொதுஜனங்களே! அரசாங்கம் புதிய கல்விக் கொள்கை வகுத்திருக்கிறது. கொள்கை வகுத்தால் போதுமா? பயன் உண்டா என்று பார்க்க வேண்டாமா? பயன் உண்டா என்று எப்படித் தெரியும்? பள்ளிக்கூடம் கொடுத்த ஓர் ஊரையும் கொடுக்காத ஓர் ஊரையும் ஒப்பிட்டால்தானே தெரியும்? பள்ளிக்கூடம் கொடுப்பதற்கு அயனிமூட்டுவிளையைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். கொடுக்காமல் இருப்பதற்குப் பலத்த போட்டி. நாற்பது ஊர்கள் தகுதி பெற்றிருந்தன. அத்தனையையும் பின்னுக்குத் தள்ளி உங்கள் ஊர் தேர்வாகியிருக்கிறது!”

முத்துநாயகம் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். அதிகாரியின் பேச்சுக்குக் கைதட்டினால் நல்லதுதான் நடக்கும் என்று நம்புகிற ஜனம்.

வியாகுலம்மாள் கையைத் தட்டாமல் எழுந்து நின்றாள். “சாரே, எனக்குக் கொஞ்சம் வெளங்கல்ல. எங்களுக்குப் பள்ளிக்கொடம் உண்டா, இல்லியா?”

“இல்லை என்பதுதான் உங்களுக்கு உள்ள பெருமை, அம்மா. எல்லையில் சிப்பாய் நிற்கிறான். இங்கே நீங்கள் படிக்காமல் நிற்கிறீர்கள். இரண்டும் தேசசேவை. இரண்டு வருடம் ஒரு பள்ளிக்கூடமோ, ஒரு சிலேட்டோ, ஒரு புத்தகமோ இந்த எல்லைக்குள் வரக்கூடாது. வந்தால் ஒப்பீடு கெட்டுவிடும்.”

“அப்போ நாங்க எழுதுன மனுவெல்லாம்?”

சத்தியநேசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “நல்ல கேள்வி. மனுக்களின் தாக்கத்தையும் இதே பிரிவுதான் மதிப்பிடுகிறது. உங்கள் மனுக்களால் பயனில்லை என்று யார் சொல்ல முடியும்? அவற்றுக்கு நம்பர் போட ஒரு கிளார்க், கட்டி வைக்க ஒரு பியூன், அந்தக் கட்டுகளைப் பார்வையிட நான். மூன்று குடும்பங்களில் அடுப்பெரிகிறது. இருபத்து மூன்று மனுவும் சேர்ந்து ஒரு ராத்தல் நாலு அவுன்ஸ் எடை. எங்கள் பிரிவிலேயே அதிக எடை உங்களுடையதுதான்.”

முத்துநாயகம் கட்டைத் தூக்கிக் காட்டினார். இருபத்து மூன்று உறையும் ஒட்டினது ஒட்டினபடியே இருந்தன.

“பிரிச்சுப் பாக்கல்லியா, சாரே? மீனக்கூடச் செவுளத் தொறந்து பாத்துல்லா வாங்குவாவ.”

“வாசிப்பது எங்கள் வேலையில்லை, அம்மா. அது வேறு பிரிவு. எங்கள் வேலை பயனை அளப்பது மாத்திரம்.”

வேறு பிரிவு எங்கே இருக்கிறது என்று ததேயுஸ் கேட்டார். அதை ஏற்படுத்த வேண்டும் என்று பரிந்துரை செய்திருப்பதாகச் சத்தியநேசன் சொன்னார். ஜீப் புறப்பட்டதும் மறுபடியும் புதைந்தது. மறுபடியும் மடிக்கயிறு வந்தது. இழுக்கிறபோது வியாகுலம்மாளும் கயிற்றைப் பிடித்தாள். என்ன எழவுக்கு இழுக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. புதைந்ததைக் கண்டால் இழுக்கிற கை; பழக்கதோஷம்.

அந்த மாசியில் ததேயுஸின் மகனுக்குக் குளச்சலிலிருந்து பெண் எடுத்தார்கள். குளோரி என்று பெயர், ஏழாம் கிளாஸ் பாஸானவள். மடி கரையேறுகிறவரை பெண்டுகளும் பிள்ளைகளும் கரையில் குத்தவைத்துக் காத்திருப்பது வழக்கம். சில நாள் இரண்டு மணி நேரம்கூட ஆகும். குளோரி அந்த நேரத்தில் ஈர மணலில் விரலால் தன் பெயரை எழுதினாள். செசிலி பக்கத்தில் போய், “மைனி, எனக்கெ பேரு எப்பிடி இருக்கும்?” என்று கேட்டாள். ஆரம்பம் அவ்வளவுதான்.

அந்த மாதம் கணக்கெடுக்க வந்த முத்துநாயகத்திடம் வியாகுலம்மாள் பட்டும் படாமலும் விசாரித்தாள். “சிலேட்டு ஆவாது, புத்தகம் ஆவாதுன்னு சொன்னிய. மணலு ஆவுமா?”

முத்துநாயகம் விதிமுறைப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். “மணலைப் பற்றி ஒன்றும் போடவில்லையே” என்றார்.

அது போதும். மடி கடலுக்குள் போகும். பிள்ளைகள் அலை ஓரத்தில் வரிசையாக உட்காருவார்கள். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் எழுதி முடித்துவிட வேண்டும். அதனால் ஒற்றைப்பனைத்துறைப் பிள்ளைகளுக்கு எழுத்தில் அபார வேகம் வந்தது. நாற்பது வயசான வியாகுலம்மாளும் கடவத்தை இறக்கி வைத்துவிட்டு வரிசையின் கடைசியில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கை வரவில்லை. ‘ஆ’ எழுதி நிமிர்வதற்குள் அலை வந்து வாலைத் தின்றுவிட்டு ‘அ’வை மட்டும் மிச்சம் வைத்துப் போகும். “கடலுக்கே பொறுக்கல்ல ஏட்டி, நான் படிக்கது” என்று சிரித்துக்கொண்டே மறுபடியும் எழுதுவாள். எந்த அதிகாரி எந்த நேரம் வந்தாலும் கரையில் ஒரு எழுத்தும் இருக்காது. அரபிக்கடலே வந்து அழித்துக்கொடுத்தது.

ஆனியில் எண்பத்து நாலு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வந்தது. முத்துநாயகம் வியாகுலம்மாளின் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து நிரப்பினார்.

“கேள்வி பதினேழு. பள்ளிக்கூடம் இல்லாததால் தாங்கள் அடைந்த நன்மைகளில் முதலாவது எது?”

“என்னத்த நன்மை? பொழியில போவாம பிள்ளைய உயிரோட கெடக்குதுவ.”

‘சுகாதாரம்: குறிப்பிடத்தக்க முன்னேற்றம்’ என்று அவர் எழுதினார்.

“கேள்வி நாற்பத்தொன்று. தங்கள் மகள் வருங்காலத்தில் என்னவாக ஆகாமல் இருக்க விரும்புகிறீர்கள்?”

வியாகுலம்மாள், “என்னய மாதிரி” என்றாள்.

அந்த விடைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. முத்துநாயகம் பேனாவைத் தூக்கியபடி இருந்துவிட்டு, அடுத்த கேள்விக்குப் போனார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான்.

பள்ளிக்கூடம் கிடைத்த ஊர் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட வேண்டும் என்பது அவளுக்கு ஒரு கொதி. மீன் விற்கிற சாக்கில் ஒருநாள் அயனிமூட்டுவிளைக்குப் போனாள். ஓட்டுக்கூரை போட்ட நல்ல பள்ளிக்கூடம். உள்ளே தரையிலிருந்து உத்தரம்வரை காகிதக் கட்டுகள். இந்தப் பள்ளிக்கூடத்தால் விளைந்த பயனை மாதாமாதம் அளந்து எழுதிய அறிக்கைகளாம். வைக்க வேறு இடமில்லையாம். பிள்ளைகள் வெளியே அயனி மரத்து மூட்டில் இருந்தார்கள். வாத்தியார் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

“பாடம் எப்பம் சொல்லிக்குடுப்பிய, சாரே?” என்று கேட்டாள்.

“இன்னும் பதினாறு படிவம் கெடக்கு. அது முடியட்டும்” என்றார் அவர், தலையைத் தூக்காமலே.

வியாகுலம்மாளுக்குத் தலை சுற்றியது. இல்லாத ஊரில் ஏன் இல்லை என்று அளக்கிறார்கள்; இருக்கிற ஊரில் இருக்கிறதா என்று அளந்து அளந்தே இல்லாமலாக்கிவிட்டார்கள். கடவத்தில் பாதி மீன் விற்காமல் அவள் திரும்பி வந்துவிட்டாள்.

1955 சித்திரையில் முடிவுப் பரீட்சை என்று தகவல் வந்தது. முந்தின நாளே சத்தியநேசன் வந்தார். ஜீப் புதைந்தது, இழுத்தார்கள். இந்தத் தடவை அவர் கீழே இறங்கி, ஊரைக் கூட்டி, குழைந்து பேசினார்.

“நாளைக்கு இருபது பிள்ளைகள் பரீட்சை எழுத வேண்டும். உங்களிடம் ஓர் உண்மையை மறைக்க விரும்பவில்லை. அயனிமூட்டுவிளையில் சராசரி நூற்றுக்கு ஆறு. ஆகவே இந்த ஊர் ஆறுக்குக் கீழே இருந்தாக வேண்டும். பூஜ்யம் என்றால் உத்தமம். பூஜ்யம் வாங்கினால் கொள்கை வெற்றி. கொள்கை வெற்றி என்றால் பள்ளிக்கூடம் நல்லது என்று நிரூபணமாகும். நிரூபணமானால் உங்களுக்கும் ஒன்று தராமல் இருப்போமா?”

அவர் போன பிறகு மடிக்கரையிலேயே பேச்சு நடந்தது. ததேயுஸ் யோசித்துச் சொன்னார். “ஒரு மணிக்கூறு ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்தா நமக்கு என்ன கொறஞ்சு போவும்? பிள்ளியளுக்குப் பள்ளிக்கொடம் கிட்டுமே.”

குளோரிக்கு மனமில்லை. வியாகுலம்மாளுக்கும் இல்லை. ஆனால் பொழி கண்முன் வந்தது. ஆற்றுவெள்ளத்தில் மகளின் தலை ஒருதரம் தெரிந்து மறைந்ததைக் கண்டவளுக்கு ரோஷம் பெரிதில்லை. “செரி, நாளைக்கு ஒருத்தரும் எழுதாண்டாம்” என்றாள்.

மறுநாள் கோயில் முற்றத்தில் இருபது பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். முதல் கேள்வி, ‘உன் பெயரை எழுது.’ செசிலி இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள், விரல் தானாகப் போய்விடாமல் இருக்க. அலை அழிக்காத ஒரு காகிதம் அந்தப் பிள்ளைக்கு எழுதக் கிடைத்தது அன்றைக்குத்தான். அதில் எழுதாதே என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறாள் பெற்ற தாய்.

இருபது வெள்ளைத் தாளும் சேர்ந்தன. சத்தியநேசன் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, இருபது பூஜ்யம் போட்டு, பிள்ளைகளை வாழ்த்தினார். “இவ்வளவு சுத்தமான பூஜ்யத்தை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை” என்றார். பிறகு ஒரு தாளை நீட்டினார். “பெற்றோர் எல்லோரும் இதில் பெருவிரல் வைக்க வேண்டும். வெறும் சடங்குதான்.”

முதல் விரல் வியாகுலம்மாளுடையது. முத்துநாயகம் விரலில் மையும் தடவிவிட்டார். அவள் விரலைத் தாளுக்கு மேலே கொண்டுபோய், அங்கேயே நிறுத்தினாள். உதடு அசைந்தது.

“இ... இவ்... வூர்... மக்... மக்கள்...”

“என்ன செய்கிறீர்கள், அம்மா?”

அவள் நிமிரவில்லை. மடிக்கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாக இழுத்துக்கொண்டே போனாள். ‘இவ்வூர் மக்களாகிய நாங்கள் பள்ளிக்கூடம் தேவையில்லை என்று மனமொத்துத் தெரிவிப்பதோடு, அடுத்த ஐந்தாண்டுத் திட்டம் முடியும்வரை ஒப்பீட்டு ஊராகத் தொடர்ந்திருக்கவும் சம்மதிக்கிறோம்.’ வாசித்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது.

“நீங்கள் இதை வாசிக்கக் கூடாது!” சத்தியநேசனுக்கு வேர்த்தது. “இந்த ஊருக்குப் படிக்கத் தெரியாது என்று இப்போதுதான் முடிவாகியிருக்கிறது. சீல்கூட வைத்தாயிற்று!”

வியாகுலம்மாள் மை விரலைச் சேலையில் துடைத்தாள். “மக்கா செசிலி, எழுது. எல்லாரும் எழுதுங்க.”

பிள்ளைகள் மேசைமேல் விழுந்து தங்கள் தங்கள் தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். நேரம் முடிந்துவிட்டது என்று சத்தியநேசன் கத்தினார். ஒருவர் காதிலும் விழவில்லை. அலைக்குப் பயந்து பழகின கைகள். பேரும் ஊரும் கூட்டலும் கழித்தலும் படபடவென்று தாளில் இறங்கின. போட்ட பூஜ்யத்தைச் சுற்றியும் இடம் விடாமல் எழுதினார்கள்.

அதிகாரிக்கு ஆயுதம் இல்லாமல் போகுமா? கொஞ்ச நேரத்தில் சுதாரித்துக்கொண்டு சிரித்தார். “சரி. படிக்கத் தெரிந்துவிட்டது. அப்படியானால் பள்ளிக்கூடம் எதற்கு?”

“கடல்ல மீனு உண்டுன்னு அறிஞ்ச பொறவுதான் சாரே ஒருத்தன் மடி பின்னுவான்” என்றாள் வியாகுலம்மாள். “இனிமேலுதான் எங்களுக்கு வேணும்.”

அந்த வாரமே ஊர் கூடி, தென்னந்தட்டி அடைத்து, ஓலை வேய்ந்து, கோயிலுக்கு வடக்கே ஒரு கொட்டகை போட்டார்கள். குளோரி பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்தாள். ததேயுஸ் குளச்சலுக்குப் போய் இருபது சிலேட்டு கொண்டுவந்தார். உத்தரவை மீறுகிறோம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான், ஊர் பார்க்க, சிலேட்டுகளைத் தலையில் சுமந்துகொண்டு பட்டப்பகலில் நடந்து வந்தார்.

ஒரு மாதம் கழித்து, கொட்டகையை மூடச்சொல்லும் உத்தரவோடும் சம்பந்தப்பட்ட எல்லாக் கட்டுகளோடும் ஜீப் வந்தது. வந்து, வழக்கமான இடத்தில் வழக்கம்போலப் புதைந்தது. சத்தியநேசன் வழக்கம்போலக் கால்மேல் கால் போட்டுக் காத்திருந்தார்.

கயிறு வந்தது. ஜீப்பின் மூக்கில் கட்டவும் செய்தார்கள். ஆனால் ஒருவரும் பிடிக்கவில்லை. கயிற்றின் மறுமுனையைத் தென்னை மூட்டில் போட்டுவிட்டு நாற்பது பேரும் மணலில் உட்கார்ந்துகொண்டார்கள். பழைய அறிவிப்பு இருந்த தென்னையில் இப்போது வேறொன்று இருந்தது. செசிலியின் எழுத்து.

‘எங்கள் மனுவை வாசித்தவர்கள் மாத்திரம் ஊருக்குள் வரவும். வாசிக்காதவர்கள் வரக்கூடாது. உத்தரவு.’

சத்தியநேசன் ஒருதரம் வாசித்தார். முத்துநாயகத்தைப் பார்த்தார். முத்துநாயகம் கடலைப் பார்த்தார்.

“இதெல்லாம் சட்டவிரோதம். முதலில் வண்டியை இழுங்கள்!”

“இழுப்போம், சாரே. இழுக்க மாட்டோம்னு ஆரு சொன்னா?” வியாகுலம்மாள் ஜீப்பின் பக்கத்தில் வந்து நின்றாள். “மனுவ வாசியும். எங்களுக்குக் கேக்கணும், சத்தமா வாசியும்.”

வெயில் ஏறியது. ஜீப் இன்னும் ஒரு விரல்கடை கீழே போனது. கடல் ஏறுகிற வேலியேற்றம் தொடங்கி, அலை பின்சக்கரத்தை வந்து தொட்டுப் பார்த்தது. முத்துநாயகம் யாரும் சொல்லாமலே மனுக் கட்டை அவிழ்த்து, முதல் உறையைக் கிழித்து, தாளை அதிகாரியின் கையில் வைத்தார். இரண்டரை வருடத்தில் அந்த மனிதர் செய்த முதல் காரியம் அதுதான்.

மனு எழுதுகிறவர் சாளை மீனுக்கு வஞ்சகம் செய்திருக்கவில்லை. மகாகனம் பொருந்திய, கருணாசமுத்திரமாகிய என்று இரண்டரைப் பக்கம் அதிகாரிகளையே புகழ்ந்திருந்தார். சத்தியநேசன் தன்னைத் தானே புகழ்ந்து புகழ்ந்து தொண்டை வறண்டு, மூன்றாம் பக்கத்தின் அடிக்கு வந்து சேர்ந்தார்.

“...ஆகையால், பொழி கடக்காமல் எங்கள் பிள்ளைகள் படிப்பதற்கு ஊரில் ஒரு வாத்தியாரை நியமித்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.”

தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான், சாரே.” வியாகுலம்மாள் கட்டில் மிச்சமிருந்த உறைகளைக் கையால் தட்டிக் காட்டினாள். “அஞ்சு வருசமா இவ்வளவுதான்.”

கொட்டகையிலிருந்து பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லுகிற சத்தம் வந்தது. சத்தியநேசன் தாளை மடித்து வைத்துவிட்டுக் கயிற்றைப் பார்த்தார். நாற்பது பேரில் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

“அடுத்தத எடும்” என்றாள் வியாகுலம்மாள், மணலில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி. “இன்னும் இருவத்திரண்டு இருக்கு. கயிறு எங்கயும் போவாது, சாரே. இங்கதான் கெடக்கும்.”